பிறையை மூலையில் ஒட்டினால் போதுமா?

தொலைக்காட்சிகளின் பெருநாள் அலங்காரமும் எமது வியாபாரமும்

ஷஃபான் மாதம் பாதியைத் தாண்டியதும் எமது வர்த்தகர்களின் மேசைக்கு இரண்டு வகையான கடிதங்கள் வரத் தொடங்கும். ஒன்று, பள்ளிவாசல்களிலிருந்தும் மத்ரஸாக்களிலிருந்தும் வருகின்ற கஞ்சி, இஃப்தார் உதவிக் கடிதங்கள். மற்றது, தொலைக்காட்சி, வானொலி நிலையங்களின் சந்தைப்படுத்தல் பிரிவுகளிலிருந்து வருகின்ற அனுசரணைக் கடிதங்கள். முதலாவது கடிதத்துக்கு என்ன பதில் சொல்வதென்று எமக்குத் தெரியும். அதன் கூலி எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும். இரண்டாவது கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். மக்ரிப் பாங்குக்கு முன்னர் இத்தனை தடவை உங்கள் கடையின் பெயர், பெருநாளன்று இத்தனை செக்கன் வாழ்த்து, திரையின் மூலையில் பிறையோடு எமது இலச்சினை, அதற்குப் பக்கத்தில் உங்கள் இலச்சினை என்று பட்டியல் நீளும். கடைசியில் ஒரு தொகை இருக்கும்.

"இதற்குக் காசு கொடுத்தால் எனக்கு என்ன கிடைக்கும்?" என்று நடுத்தர வியாபாரிகள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த அலைவரிசை தனது பெருநாள் அலங்காரத்தை ஒழுங்காகச் செய்கிறதா? இடிந்து விழப்போகும் கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்ட யாரும் வாடகை கொடுப்பதில்லை. அலைவரிசையின் அலங்காரம் பார்ப்பவர் மனதில் ஒட்டவில்லை என்றால், அதற்குப் பக்கத்தில் நிற்கும் எமது பெயரும் ஒட்டாது. ஆகவே நல்ல பெருநாள் அலங்காரம் எப்படி இருக்கும் என்பதை இந்த வாரம் பார்ப்போம். தொலைக்காட்சிக்குப் பொருந்துவதில் பெரும்பகுதி எமது கடைக்கும் பொருந்தும்.

அலங்காரம் என்றால் எது?

இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில் ஐந்து அல்லது பத்துச் செக்கன்களுக்கு ஒரு காட்சி வந்து போகும். அலைவரிசையின் இலச்சினை, ஒரு சிறிய இசை அல்லது ஓசை, சில நிறங்கள். நாம் அதைக் கவனிப்பதாக நினைப்பதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இது எந்த அலைவரிசை என்று சொல்லிவிடுவோம். அந்த அலைவரிசையின் வர்த்தக நாமம் அங்கேதான் வாழ்கிறது. பண்டிகை வரும்போது அந்த அடையாளக் காட்சி, மூலையில் நிற்கும் இலச்சினை, நிகழ்ச்சி முன்னோட்டங்கள், அறிவிப்பாளரின் குரல், அனுசரணையாளர் பெயர் வரும் இடம் ஆகிய எல்லாம் சேர்ந்து ஓர் உடுப்பு மாற்றுகின்றன. இந்த உடுப்பு மாற்றத்தையே நான் பெருநாள் அலங்காரம் என்கிறேன்.

உடுப்பு மாறலாம், ஆள் மாறக் கூடாது. இதுதான் முதலாவது விதி. பெருநாள் உடுப்போடு வந்த மகனைத் தாய்க்கு அடையாளம் தெரியாமல் போனால் அந்த உடுப்பில்தான் ஏதோ பிழை இருக்கிறது.

பீபீசி சொல்லித் தரும் பாடம்

இந்தத் தொழிலில் நீண்ட அனுபவம் உள்ள நிறுவனம் பிரித்தானியாவின் பீபீசி. அது கொண்டாடுவது கிறிஸ்மஸ். கொண்டாட்டம் அவர்களுடையது என்றாலும் தொழிலை யாரிடமும் கற்கலாம். பீபீசியின் முதலாவது அலைவரிசை பல தசாப்தங்களாக உலக உருண்டையைத் தன் அடையாளமாக வைத்திருந்தது. கிறிஸ்மஸ் காலத்தில் உருண்டையை எறிந்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவர அவர்கள் முயலவில்லை. அந்த உருண்டையின் இடத்திலேயே பண்டிகைக்குரிய ஏதாவதொன்றைச் சுழல விட்டார்கள். கணினி வரைகலை வருவதற்கு முன்னர் சிறிய மாதிரிகளைச் செய்து, அவற்றைச் சுழல விட்டுப் படம் பிடித்தார்கள். செலவு அதிகமில்லை. பார்ப்பவருக்கோ இது எங்கள் அலைவரிசை, இப்போது பண்டிகைக் காலம் என்ற இரண்டு செய்திகளும் ஒரே பார்வையில் கிடைத்தன.

2002ஆம் ஆண்டில் உருண்டை போனது. 2006இல் வட்டம் என்ற கருப்பொருள் வந்தது. 2008 கிறிஸ்மஸுக்கு வொலஸ், க்ரோமிட் என்ற களிமண் பொம்மைப் பாத்திரங்களை வைத்து அடையாளக் காட்சிகளைச் செய்தார்கள். அந்தப் பாத்திரங்களின் புதிய படம் அதே கிறிஸ்மஸ் தினத்தில் அதே அலைவரிசையில் ஒளிபரப்பானது. 2009இல் தமது பிரபல தொடரான டொக்டர் ஹூவின் கதாநாயகனையே அடையாளக் காட்சிக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொடரின் விசேட பாகங்களும் அந்தப் பண்டிகைக் காலத்தில் வந்தன.

இதிலுள்ள வியாபார நுட்பத்தைக் கவனியுங்கள். அலங்காரம் வெறுமனே வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அலைவரிசையிடம் உண்மையில் இருக்கின்ற சரக்கை அது காட்டியது. வாசலில் தொங்கிய படமும் உள்ளே இருந்த பொருளும் ஒன்றாக இருந்தன. எமது கடைகளில் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது. வாசலில் ரமழான் விசேட விற்பனை என்று பெரிய பதாகை இருக்கும். உள்ளே போனால் கடந்த மாதம் இருந்த அதே பொருள், அதே விலை. சில இடங்களில் விலையை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு கழிவு கொடுப்பதும் நடக்கிறது. வாடிக்கையாளருக்கு இது தெரியாது என்று நினைப்பது எமது அறியாமை. தெரிந்தும் சும்மா போய்விடுகிறார், அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்தப் பதாகையை அவர் பார்ப்பதே இல்லை.

அரபு நாடுகளின் ரமழான் திரை

இனி எமது மாதத்துக்கு வருவோம். அரபு நாடுகளின் தொலைக்காட்சிகளுக்கு ரமழான்தான் வருடத்தின் மிகப்பெரிய பருவம். நோன்பு திறந்ததும் குடும்பம் முழுவதும் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கிறது. வருடத்தில் வேறெந்த மாதத்திலும் இப்படி முப்பது நாட்கள் தொடர்ந்து நடப்பதில்லை. ஆகவே விளம்பரக் கட்டணமும் அந்த மாதத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது.

1991ஆம் ஆண்டு இலண்டனில் ஆரம்பமாகி, 2002இல் டுபாய்க்கு இடம் மாறிய எம்.பி.சி. நிறுவனம் பல ஆண்டுகளாக ரமழானுக்கு ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. 'ரமழான் எம்மை ஒன்றுசேர்க்கிறது' என்பது அதன் பொருள். வருடத்துக்கு ஒரு புதிய வாசகத்தைத் தேடி அவர்கள் ஓடவில்லை. விற்பவருக்குத்தான் ஒரு வாசகம் சீக்கிரம் அலுத்துப் போகும். வாங்குபவருக்கு அது மூன்றாவது வருடத்தில்தான் மனதில் பதியத் தொடங்கும். வருடா வருடம் பையின் நிறத்தையும் கடையின் வாசகத்தையும் மாற்றுகின்ற எமது முதலாளிமார் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

எகிப்தியத் தொலைக்காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே மக்ரிப் வேளையை அறிவிக்கின்ற பீரங்கி முழக்கமும், பிள்ளைகள் கையில் பிடிக்கின்ற பானூஸ் விளக்கும் ரமழானின் அடையாளங்கள். இவை தொலைக்காட்சி கண்டுபிடித்தவை அல்ல. கெய்ரோவின் தெருக்களில் ஏற்கனவே இருந்தவை. தொலைக்காட்சி அவற்றை எடுத்துக்கொண்டது. 1998ஆம் ஆண்டு ரமழானில் பக்கார் என்ற கேலிச்சித்திரத் தொடரை ஆரம்பித்தார்கள். அதன் நாயகன் எகிப்தின் தென்பகுதியைச் சேர்ந்த நூபியச் சிறுவன். நாட்டின் ஓரத்தில் இருந்த ஒரு சமூகத்தின் பிள்ளை, முழு நாட்டுக்கும் ரமழானின் முகமாக ஆனான். அதேபோல 2006ஆம் ஆண்டு ரமழானில் டுபாயில் பிரீஜ் என்ற தொடர் வந்தது. பழைய டுபாயின் நான்கு வயோதிபப் பெண்கள்தான் அதன் கதாபாத்திரங்கள். உயர்ந்த கட்டடங்களைக் காட்டாமல், அவற்றுக்கு நடுவே மறைந்துபோகும் பழைய அயலை அது காட்டியது. வெற்றி பெற்றது.

இரண்டிலும் பாடம் ஒன்றுதான். பண்டிகையின் அடையாளத்தை வெளியே தேடாதே, உன் ஊரில் தேடு.

ஆனால் இந்தக் காசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இபாதத்துக்குரிய மாதம் நாடகத் தொடர்களின் மாதமாக ஆகிவிட்டது என்று அரபு நாடுகளின் உலமாக்கள் வருடா வருடம் கண்டித்து வருகிறார்கள். தராவீஹ் நேரத்தில் ஆட்களைத் திரைக்கு முன்னால் பிடித்து வைக்கின்ற நிகழ்ச்சிக்கு நல்ல அலங்காரம் செய்து என்ன பயன்? அனுசரணை வழங்குகின்ற முஸ்லிம் வர்த்தகருக்கு இதில் பொறுப்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. நாம் கொடுக்கும் காசு எந்த நேரத்தை வாங்குகிறது என்பதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சிறுபான்மை நாட்டில் ஒரு பரிசோதனை

நாம் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் அனுபவம் எமக்கு அப்படியே பொருந்தாது. ஆகவே 2013ஆம் ஆண்டு பிரித்தானியாவின் சனல் 4 செய்ததைப் பார்ப்பது பயனுள்ளது. 1982இல் ஆரம்பிக்கப்பட்ட இந்த அலைவரிசை அரசுக்குச் சொந்தமானது, ஆனால் விளம்பர வருமானத்தில் இயங்குவது. அந்த வருடம் ரமழான் ஜூலையில் வந்தது. மாதம் முழுவதும் ஒவ்வொரு நாளும் அதிகாலை மூன்று மணியளவில் ஸுபஹ் பாங்கை ஒளிபரப்பப் போவதாக அவர்கள் அறிவித்தார்கள். பெரும் சர்ச்சை எழுந்தது. பாராட்டியவர்களும் இருந்தார்கள், இது விளம்பரத் தந்திரம் என்றவர்களும் இருந்தார்கள். சர்ச்சை வரும் என்று தெரிந்தேதான் செய்கிறோம் என்பதை அலைவரிசையின் பொறுப்பாளர்கள் மறைக்கவில்லை.

அதன் நோக்கத்தைப் பற்றி விவாதிக்கலாம். தொழில் என்ற வகையில் நான் கவனிப்பது வேறொன்று. அவர்கள் இலச்சினைக்குப் பிறை ஒட்டுவதோடு நின்றுவிடவில்லை. நோன்பாளியின் நாளில் உண்மையாக நடக்கின்ற ஒரு விடயத்தை, அது நடக்கின்ற நேரத்திலேயே, திரைக்குக் கொண்டுவந்தார்கள். நோன்பாளிக்கு அது பயன்பட்டது. நோன்பு பிடிக்காத அயலவருக்கு, தனது தெருவில் அந்த நேரத்தில் யாரோ எழும்பியிருக்கிறார்கள் என்பதை அது சொன்னது. பெருநாள் அலங்காரத்தை எடைபோட இதைவிட நல்ல தராசு இல்லை. கொண்டாடுபவருக்குப் பயன் தருகிறதா? கொண்டாடாதவருக்குப் புரிய வைக்கிறதா?

மலேசியாவிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. பெட்ரோனாஸ் எண்ணெய்க் கம்பனிக்காக 2009இல் காலமான இயக்குநர் யஸ்மின் அஹ்மத் செய்த பெருநாள் விளம்பரப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. நோன்புப் பெருநாளுக்கும், சீனப் புத்தாண்டுக்கும், தீபாவளிக்கும் அந்தக் கம்பனி படங்கள் செய்தது. எண்ணெயின் விலையையோ தரத்தையோ அவை பேசவில்லை. பெற்றோரை மறந்த பிள்ளைகள், அயலவர், குடும்பம் என்று பேசின. பல இனங்கள் வாழும் நாட்டில் ஒரே வர்த்தக நாமம் எல்லோருடைய பெருநாளுக்கும் மரியாதையோடு வரலாம் என்பதை அது காட்டியது.

எமது நாட்டில் கவனிக்க வேண்டியவை

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் ஐ.டி.என். மூலமும், 1982இல் ரூபவாஹினி மூலமும் வந்தது. அதற்கு முன்னரே வானொலியின் முஸ்லிம் சேவையோடு நோன்பு திறந்து பழகியவர்கள் நாம். இன்று அலைவரிசைகள் பெருகிவிட்டன. சித்திரைப் புத்தாண்டுக்குக் கொக்கிஸும் எரபது மலரும், வெசாக்குக்குக் கூடுகளும், கிறிஸ்மஸுக்கு மரமும் திரையில் வருகின்றன. ரமழான் வந்ததும் என்ன வருகிறது? பெரும்பாலும் பாலைவனம், ஒட்டகம், ஈச்ச மரம், பின்னால் ஒரு பிறை.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். எரபது மலர் இந்த மண்ணில் பூப்பது. வெசாக் கூடு இந்த மண்ணில் கட்டப்படுவது. ஒட்டகம் இந்த மண்ணில் இல்லை. மற்ற எல்லோருடைய பண்டிகையும் உள்நாட்டுப் பொருளோடு வரும்போது எம்முடையது மட்டும் வெளிநாட்டுப் படத்தோடு வந்தால், பார்க்கின்ற பிள்ளை என்ன நினைக்கும்? இவர்கள் வேறெங்கிருந்தோ வந்தவர்கள் என்றுதான் நினைக்கும். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பின்னர், மே மாதத்தில், ரமழான் நடுவே, குளியாப்பிட்டிய, மினுவாங்கொடை போன்ற இடங்களில் எமது கடைகள் தாக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. அதை ஒரு படத்தால் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அயலவர் எம்மைப் பற்றி மனதில் வைத்திருக்கும் படம், வருடக் கணக்கில் துளித்துளியாகச் சேர்வது. அதில் தொலைக்காட்சிக்கும் பங்குண்டு, அதற்குக் காசு கொடுக்கும் எமக்கும் பங்குண்டு.

உள்நாட்டில் காட்டுவதற்கு எமக்கு என்ன குறை? அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 1909இல் கட்டி முடிக்கப்பட்ட, கோட்டையிலிருந்து இறங்குபவர் எவரும் அடையாளம் காணும் புறக்கோட்டைச் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் இருக்கிறது. பேருவளையில் கடலோரம் வெள்ளையாக நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசல் இருக்கிறது. காலிமுகத்திடலில் பெருநாள் தொழுகைக்கு விரியும் பாய்கள் இருக்கின்றன. மலே சகோதரர்கள் வழியாக வந்து, இன்று எல்லா இனத்தாரும் கேட்டு வாங்கிச் சாப்பிடும் வட்டிலப்பம் இருக்கிறது. வட்டிலப்பத்தைக் காட்டினால் எந்தச் சிங்கள அயலவருக்கும் விளக்கம் தேவையில்லை. அவர் வீட்டுக்கும் பெருநாளன்று அது போயிருக்கும்.

நேரமும் திகதியும்

அழகை விட முக்கியமானது சரியாக இருப்பது. கிறிஸ்மஸுக்கு டிசம்பர் 25 என்று அச்சடித்துவிடலாம். எமது பெருநாள் அப்படியல்ல. 29ஆம் நோன்பின் மாலையில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடிப் பிறை பற்றிய தீர்மானம் அறிவிக்கப்படும் வரை, நாளை பெருநாளா, 30ஆவது நோன்பா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே நல்ல அலைவரிசை அன்றைய இரவுக்கு இரண்டு விதமான ஒழுங்குகளைக் கையில் வைத்திருக்க வேண்டும். பிறை தென்பட்டால் ஒன்று, இல்லையென்றால் மற்றது. இதை யோசிக்காத இடத்தில், மக்கள் நோன்போடு இருக்கும் நாளில் பெருநாள் வாழ்த்துப் போகும். வாழ்த்தின் கீழே எமது கடையின் பெயர் இருக்கும். சிரிப்பது யாரைப் பார்த்து?

அடுத்தது பாங்கு நேரம். சூரியன் ஒரு பாகை நெடுங்கோட்டைக் கடக்க நான்கு நிமிடம் எடுக்கிறது. கொழும்புக்கும் கல்முனைக்கும் இடையில் ஏறக்குறைய இரண்டு பாகை தூரம். ஆகவே கல்முனையிலும் காத்தான்குடியிலும் கொழும்பை விட ஏழு, எட்டு நிமிடங்கள் முந்தியே மக்ரிப் ஆகிவிடும். கொழும்பு நேரத்துக்கு ஒலிக்கும் பாங்கைக் கேட்டுக் கிழக்கில் நோன்பு திறந்தால் சில நிமிடம் தாமதம், அவ்வளவுதான். ஆனால் ஸஹர் வேளையில் கதை வேறு. கிழக்கில் ஸுபஹும் அதே அளவு முந்திவிடும். கொழும்பு நேரத்தை நம்பிக் கடைசி நிமிடம் வரை சாப்பிடுபவரின் நோன்பே கேள்விக்குள்ளாகும். எனவே 'கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும்' என்ற சொற்கள் திரையில் தெளிவாக இருக்க வேண்டும், மற்ற மாவட்டங்களின் நேரமும் கீழே ஓட வேண்டும். இதைச் செய்கின்ற அலைவரிசையை மக்கள் மாதம் முழுவதும் திறந்து வைத்திருப்பார்கள். ஆயிரம் பிறை வரைந்தாலும் கிடைக்காத நம்பிக்கை அதில் கிடைக்கும்.

மூன்றாவது, பருவம். ஹிஜ்ரி வருடம் ஆங்கில வருடத்தை விடப் பத்து, பதினொரு நாட்கள் குறைவு. ஆகவே ரமழான் வருடா வருடம் முன்னே நகர்கிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் சித்திரைப் புத்தாண்டு ரமழானுக்கு உள்ளேயே வந்தது. பகலில் பலகாரமும் விருந்தும் காட்ட வேண்டிய பண்டிகையும், பகலில் பட்டினி இருக்கும் மாதமும் ஒரே திரையில். நேரத்தைப் பிரித்துக் கொண்டால் இரண்டுக்கும் மரியாதை செய்யலாம். கலந்து குழப்பினால் இரண்டு தரப்பும் முகம் சுளிக்கும். இனி 2030ஆம் ஆண்டில் ஜனவரியில் ஒரு ரமழானும், டிசம்பர் கடைசி வாரத்தில் இன்னொரு ரமழானும் பிறக்கும். இரண்டாவது கிறிஸ்மஸ் முடிந்த கையோடு ஆரம்பமாகும். தொலைக்காட்சிக்காரருக்கு மட்டுமல்ல, துணி, ஈச்சம்பழம், பலசரக்கு இறக்குமதி செய்பவர்களுக்கும் இது இப்போதே குறித்து வைக்க வேண்டிய திகதி.

அனுசரணைக்கு முன்னர் கேளுங்கள்

மேலே சொன்னவற்றை மனதில் வைத்துக்கொண்டு, அனுசரணைக் கடிதம் வந்தால் பின்வரும் கேள்விகளைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. காசு உங்களுடையது.

1. எமது பெயர் பாங்குக்கு முன்னரா, பின்னரா, பாங்கின் போதா வரும்? பாங்கு ஒலிக்கும்போது திரையில் எந்தக் கடையின் பெயரும் இருக்கக் கூடாது. இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது அதபு. வியாபாரத்துக்கும் அதுவே நல்லது. பாங்கை மறைத்த பெயரை எந்த நோன்பாளியும் அன்போடு நினைக்க மாட்டார்.

2. பிறை தென்படாவிட்டால் எமது பெருநாள் வாழ்த்து எப்போது போகும்? அதற்கு மேலதிகக் கட்டணம் உண்டா?

3. எத்தனை தடவை, எந்த மணித்தியாலத்தில்? நள்ளிரவு தாண்டிய பிறகு இருபது தடவை வருவதை விட, நோன்பு திறந்து அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு தடவை வருவது மேல். ஒளிபரப்பிய திகதியும் நேரமும் உள்ள சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைத்த பின்னரே மீதிப் பணம்.

4. எமது விளம்பரத்துக்கு முன்னும் பின்னும் என்ன வரும்? பயான் முடிந்ததும் வருகின்ற விளம்பரத்தில் எமது குடும்பத்தோடு இருந்து பார்க்க முடியாத காட்சி இருந்தால், அந்தக் கூட்டத்தில் எமது பெயர் நிற்க வேண்டுமா?

5. ஒரே நேரத்தில் எத்தனை அனுசரணையாளர்கள்? பத்துப் பெயரைப் படபடவென்று வாசித்தால் ஒன்றும் நிற்காது. சிறிய வியாபாரிக்கு முழு மாதம் பத்தில் ஒருவராக இருப்பதை விட, கடைசிப் பத்தில் ஒரே ஒருவராக இருப்பது சிறந்தது.

6. அலங்காரத்தை எப்போது கழற்றுவார்கள்? பெருநாள் முடிந்து இரண்டு வாரமாகியும் பிறை தொங்கிக்கொண்டிருக்கும் அலைவரிசை, வீட்டைக் கூட்டாத வீட்டுக்காரரைப் போன்றது.

தொலைக்காட்சி இல்லாமலும் முடியும்

இவ்வளவு காசு எம்மிடம் இல்லை என்று சொல்லும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் ஒரு சிறந்த அலைவரிசை ஏற்கனவே இருக்கிறது. அதுதான் ரமழான் நேரசூசி அட்டை. ஒரு மாதம் முழுவதும், ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது, ஒரு குடும்பத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் பார்க்கின்ற விளம்பரம் வேறெங்கே கிடைக்கும்? அதைச் சமையலறைச் சுவரில் அவர்களே ஒட்டிக்கொள்கிறார்கள். அதற்கு நாம் கட்டணமும் கொடுப்பதில்லை.

ஆனால் அதே மூன்று விதிகள் இங்கேயும் உண்டு. முதலாவது, நேரம் சரியாக இருக்க வேண்டும். உங்கள் மாவட்டத்துக்குரிய நேரத்தை ஜம்இய்யதுல் உலமாவின் நேரசூசியோடு ஒப்பிட்டு, ஊர்ப் பள்ளிவாசல் இமாமிடமும் காட்டிவிட்டு அச்சடியுங்கள். ஸஹர் நேரம் பிழைத்தால் பிழைப்பது உங்கள் பெயரும்தான். கொழும்பில் அச்சடித்த அட்டையை அப்படியே கிழக்குக்கு அனுப்பாதீர்கள். இரண்டாவது, அதே நிறம், அதே எழுத்து, அதே அளவு என்று வருடா வருடம் தொடருங்கள். ஐந்தாவது வருடம் "இன்ன கடைக் காட் இன்னும் வரவில்லையா?" என்று வாடிக்கையாளரே கேட்பார். மூன்றாவது, எழுத்துப் பெரிதாக, வயதானவர்களுக்கும் தெரியும்படி இருக்கட்டும். பெயரைப் பெரிதாக்கி நேரத்தைச் சிறிதாக்குவது, விருந்தாளிக்குச் சோறு போடாமல் பீங்கானின் அழகைக் காட்டுவது போன்றது.

பைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெருநாள் காலத்தில் சில கடைகள் பைகளில் குர்ஆன் வசனத்தையும் கஃபாவின் படத்தையும் அச்சிடுகின்றன. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தப் பை இரண்டு நாளில் குப்பைக்குப் போகிறது, சில வேளை கானுக்குள் கிடக்கிறது. பையில் கடையின் பெயரும் ஒரு பெருநாள் வாழ்த்தும் போதும். வாழ்த்தைச் சிங்களத்திலும் எழுதுங்கள். எமது கடைக்கு வருபவர்களில் பெருநாள் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் அந்தப் பை அவர்களது வீட்டுக்குப் போகிறது.

இன்னும் ஒன்று. நல்ல அலைவரிசையின் அலங்காரத்தில் அறிவிப்பாளரின் குரல் மாறும் என்று மேலே சொன்னேன். கடையின் குரல் எமது ஊழியர்கள். அஸருக்குப் பிறகு களைத்துப்போய், வாடிக்கையாளர்மீது எரிந்து விழும் ஊழியர் ஒருவர் இருந்தால், வாசலில் கட்டிய மின்விளக்கு முழுவதும் வீண். நோன்பு திறக்க அவர்களுக்கு நேரமும் இடமும் கொடுங்கள். முஸ்லிம் அல்லாத ஊழியருக்கும் கஞ்சிக் கோப்பையை நீட்டுங்கள். பெருநாள் கொடுப்பனவைப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு அல்ல, அவர் தன் பிள்ளைக்கு உடுப்பு எடுக்க நேரமிருக்கும்போது கொடுங்கள்.

ஆக, தொலைக்காட்சியாக இருந்தாலும் சில்லறைக் கடையாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். அடையாளம் மாறாமல் உடுப்பு மாற வேண்டும். காட்டுவதும் கொடுப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். படம் எமது மண்ணிலிருந்து வர வேண்டும். நேரம் பிழைக்கக் கூடாது. புனிதமானதன்மீது விலைச்சீட்டு ஒட்டக் கூடாது. இந்த ஐந்தையும் வைத்து, கையில் உள்ள அனுசரணைக் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். ஐந்துக்கும் சரியான பதில் கிடைத்தால் தாராளமாகக் கையெழுத்திடுங்கள். கிடைக்காவிட்டால் அந்தத் தொகையில் ஒரு பகுதிக்கு நேரசூசி அச்சடித்துவிட்டு, மீதியை முதலாவது கடிதத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் நட்டம் வராது, இன்ஷா அல்லாஹ்.